கயிற்றில் தொங்கிய ஊர்க்காவல்

வட அமெரிக்கப் பிரெய்ரி புல்வெளிச் சிற்றூர்களின் தீயணைப்பு மணிகள் மீது எனக்குத் தீராத பிரியம்.

அங்கே மரத்தால் கட்டிய கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. ஒரு கடையில் தீப்பிடித்தால் தெருவே போய்விடும். சம்பளத்துக்கு வீரர் வைக்க ஊருக்கு வசதியில்லை. மணி ஒலித்தால் கொல்லரும் மளிகைக்கடைக்காரரும் போட்டது போட்டபடி வாளியோடு ஓடி வரவேண்டும்.

வெண்கல மணி விலை அதிகம். ஒஹையோவின் ஹில்ஸ்பரோவில் சி.எஸ். பெல் நிறுவனம் எஃகுக் கலவையில் வார்த்த மணிகள் மலிவு. பள்ளி, பண்ணை, தேவாலயம் என்று எங்கும் போயின. பக்கத்தில் கயிறு சுற்றும் பெரிய சக்கரம். சிலவற்றில், மணியை அசைக்காமலே அடிக்கத் தனிச் சுத்தியலும் உண்டு.

மணி மட்டும் போதாது என்பதற்குக் கனடாவின் கால்கரி சாட்சி. அப்போது அது சிற்றூர்தான். 1886 நவம்பர் 7 அன்று தீப்பிடித்தபோது, புதிய தீயணைப்பு இயந்திரம் பணம் கட்டாததால் ரயில்வே கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. பதினான்கு கட்டடங்கள் சாம்பல்! அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பிறகு ஊரார் மணற்கல்லில் கட்டத் தொடங்கினார்கள்.

சைரன் வந்ததும் மணிகள் இறக்கப்பட்டன. தீயணைப்பு நிலைய வாசல்களில் இருப்பவற்றுக்கு வர்ணம் பூசுவதோடு கயிறும் கட்டி, ஊர்ப் பிள்ளைகளை அடிக்க விடவேண்டும்.