நாரிப்பிடிப்போடு இயன்மருத்துவப் பிரிவுக்கு அலைந்த கதை

கார்த்திகை மாதம், காலபோக வயலுக்கு உரம் போடுகிற நேரம். லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் கிடந்த 50 கிலோ யூரியாப் பையைத் தூக்கின கையோடு அப்படியே பக்கவாட்டில் திரும்பினேன். நாரியில், அதாவது கீழ் முதுகில், ஏதோ கொளுவிப் பிடித்தது. பை வரம்பில் விழுந்தது, நானும் விழுந்தேன்.

மூன்று நாள் பாயோடு கிடந்தேன். கிடந்தால் சுகம் வரும் என்றுதான் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். நாலாம் நாள் சுவரைப் பிடிக்காமல் எழும்ப முடியவில்லை. விசுவமடுவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பதிவுத் துண்டு எடுத்து, டொக்டரைக் கண்டு, எக்ஸ்ரே எடுத்து, இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்குக் கடிதம் வாங்கினது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. டொக்டர் முதலில் கேட்டது, கால் விறைக்கிறதா, சலம் போவது தெரிகிறதா என்றுதான். சலம் மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ ஒரு நாளும் பொறுக்கக் கூடாது, உடனே வர வேண்டும் என்றார். எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

அலைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கடிதத்தோடு போன முதல் நாள், எக்ஸ்ரே படம் வீட்டு அலுமாரிக்கு மேல் இருந்தது. கொண்டு வரச் சொல்லி எவரும் சொல்லவில்லை. "படம் இல்லாமல் தொடங்க ஏலாது ஐயா" என்று அங்கே சிகிச்சை தருகிற மிஸ் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. விடிய ஐந்து மணி பஸ்ஸில் நாரியைப் பிடித்துக்கொண்டு வந்தவனுக்கு வராமல் என்ன செய்யும்? பதிவு மேசையில் இருந்தவர் தலை நிமிராமல் இன்னொரு திகதி எழுதித் தந்தார்.

அந்தத் திகதியில் போனால் கதவு பூட்டிக் கிடக்கிறது. போயா தினம், பௌர்ணமி விடுமுறை. அவசரப் பிரிவில் மட்டும் ஆட்கள். திகதி எழுதினவரும் கலண்டரைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அடுத்த நாள் பதிவு மேசையில் கேட்டேன். "கொப்பியில் எழுதினதுதான், நீங்கள் பார்த்திருக்கலாமே" என்றார். அந்தப் பதில் இன்னமும் எனக்கு எரிகிறது. திகதி தந்தவுடன் அந்த இடத்திலேயே நின்று கலண்டரைப் பாருங்கள். பஸ்ஸில் ஏறினால் கடைசிச் சீற்றில் மட்டும் இருக்க வேண்டாம். பள்ளத்தில் சில்லு விழும்போது உங்கள் நாரிதான் வாங்கும்.

மூன்றாம் பயணத்தில் படம் கையில் இருந்தது. மிஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இருந்த வெள்ளைப் பொட்டில் விரலை வைத்தார். "இது என்ன?"

2009 இல் யுத்தத்தில் பட்ட செல் பீஸ், எறிகணைத் துண்டு. எடுக்க வேண்டாம், உள்ளேயே இருக்கட்டும் என்று அப்போது விட்டுவிட்டார்கள். காலம் போகப் போக நானும் மறந்தே போனேன். நாரிக்குச் சூடு பிடிக்கிற மெசினில் போடத்தான் கட்டில் ஆயத்தமாக இருந்தது. மிஸ் அதை நிறுத்தினார். அந்த மெசினின் மின்காந்த அலை உள்ளே கிடக்கிற உலோகத்தையும் சூடாக்கி, சுற்றியிருக்கிற சதையைச் சுட்டுவிடுமாம். சுடுநீர்ப் பையால் அப்படி வராது. முதல் நாள் படம் இல்லாமல் தொடங்க மறுத்தவர் மீது எனக்கிருந்த கோபம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போய்விட்டது.

வன்னியில் எங்கள் வயதுக்காரர் பலர் உடம்பில் ஏதோ ஒரு துண்டோடுதான் நடமாடுகிறோம். கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் கட்டாயம் சொல்ல வேண்டும், அது பெரிய காந்தம். என் கிளினிக் கொப்பியின் மட்டையில் மிஸ் சிவப்பு மையால் எழுதித் தந்திருக்கிறார்.

மெசின் இல்லை என்றதும் வந்தது வீண் என்று நினைத்தேன். "ஒருக்கா இந்த வாளியைத் தூக்கிக் காட்டுங்கோ" என்றார். தூக்கினேன். முழங்கால் மடியாமல், நாரியை வளைத்து, வாளியை உடம்புக்கு எட்டத்தில் பிடித்து, தூக்கின கையோடு திரும்பி. வயலில் செய்த அதே பிழை. முழங்காலையும் இடுப்பையும் மடிக்க வேண்டும், பாரம் வயிற்றோடு ஒட்டி வர வேண்டும், திரும்புவதென்றால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். அதை மட்டும் இருபது தடவை செய்வித்தார்.

பயிற்சி இரண்டு. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, இடுப்பை உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குவது ஒன்று. கன்றுக்குட்டி போல நாலு காலில் நின்று, வலக்கையையும் இடக்காலையும் நீட்டிப் பிடித்து, அப்புறம் மாற்றுவது மற்றது. பத்துப் பத்துத் தடவை. முதல் நாள் கை நடுங்கியது. "நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு எதுக்கு எக்சசைஸ்?" என்று பக்கத்து வளவு அண்ணை கேட்டார். நானும் அதைத்தான் மிஸ்ஸிடம் கேட்டிருந்தேன். குனிகிற வேலை ஒரே இடத்தைத்தான் திரும்பத் திரும்பத் தேய்க்கும், நாரியைத் தாங்குகிற வயிற்றுத் தசையும் குண்டித் தசையும் அதில் பலப்படாது என்றார்.

இன்னொன்று எனக்குப் புதிது. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கிற மெத்தை போன்ற வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. விடிய எழும்பின கையோடு குனிந்தால் அவற்றில் அழுத்தம் கூட விழும். நான் கண் விழித்ததும் செய்வதே கிணற்றில் பத்து வாளி அள்ளுவதுதான். இப்போது முதலில் வளவைச் சுற்றி நடந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போகிறேன்.

ஆறு கிழமையில் நோ போய்விட்டது. நோ போனதும் பயிற்சியை விட்டேன், கிளினிக்குக்கும் இரண்டு தரம் போகவில்லை. மாசியில் அறுவடை முடிந்து நெல் மூட்டை ஏற்றின அன்றே நாரி திரும்பப் பிடித்தது. போய்க் கொப்பியை நீட்டினால், திகதி தவறியதால் மறுபடியும் துண்டு எடுத்து டொக்டரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்றார்கள். இன்னும் ஒரு நாள் வேலை போனது.

மிஸ் ஏசவில்லை. "விடியப் பாயைச் சுருட்ட முதல் செய்யுங்கோ, அப்ப மறக்காது" என்றார். இப்போது பாய் சுருட்டுவது நான்தான். உரப்பையை மகனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் இறக்குகிறோம்.