உண்டியலில் ஒரு பென்சில்

"மிஸ், பென்சில் போடலாமா?"

இன்று காலை மகளை வகுப்பில் விடப் போனபோது காதில் விழுந்த கேள்வி. கேட்டது ஒன்றாம் வகுப்புப் பையன்.

மேசையில் தவக்கால உண்டியல். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் பிறருக்கு உதவக் காசு சேர்ப்பது. பிள்ளைகளே அட்டைப்பெட்டியில் ஊதாத் தாள் ஒட்டிச் செய்தது. இனிப்பு வாங்காமல் மிச்சம் பிடித்த சில்லறையை ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் சில்லறை இல்லை. புதுப் பென்சில் ஒன்று, இன்னும் சீவக்கூட இல்லை.

மிஸ் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து உண்டியலின் வாயைக் கொஞ்சம் அகலமாக்கினார். அவ்வளவுதான். பென்சில் உள்ளே விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, நோன்பு நாட்களில் 14 வயது நிறையாதவர்களுக்கு இறைச்சி தவிர்ப்பதுகூடக் கட்டாயமில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவனாகத்தான் கொண்டுவந்தான்.

1843-இல் பிரான்சில் ஆயர் ஃபோர்பின்-ஜான்சன் பிள்ளைகளிடம் கேட்டதும் சின்ன விஷயம்தான். தூரதேசத்துப் பிள்ளைகளுக்காக நாளுக்கு ஒரு செபம், மாதத்துக்கு ஒரு காசு. அப்படித் தொடங்கியதுதான் திருப்பாலத்துவ சபை என்ற சிறுவர் அமைப்பு. பெரியவர்கள் கொடுப்பதற்குக் காத்திராமல், பிள்ளைகளே பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை ரொம்பப் பிடித்திருக்கிறது.

பள்ளிச் செய்திமடலில் உண்டியலில் சேர்ந்த மொத்தத் தொகை வரும். பென்சில் அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாலையில் அழைக்கப் போனேன். அவன் பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கிய குட்டைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தான்.