பதினொரு ஜோடி ஷூ

மெல்பர்னில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மூன்று வயதுக்காரர்களின் அறை. வெளியே விளையாடப் போகும் நேரம் வந்ததும் என் பொறுப்பில் இருந்த பதினொரு பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து, ஐந்தே நிமிடத்தில் ஷூ மாட்டிவிட்டேன். அறைப் பொறுப்பாளர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவள், "ரொம்ப வேகம்" என்றாள். பாராட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அப்புறம் கேட்டாள்: "யாருக்கு அவசரம்?"

ஊரில் பன்னிரண்டு வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். இங்கே வந்து, இந்தத் துறையின் தொடக்கநிலைப் படிப்பான செர்ட்டிபிகேட் த்ரீயிலிருந்து மறுபடி படித்துத்தான் இந்த வேலைக்குள் நுழைந்தேன். பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். யாரும் 'டீச்சர்' என்று அழைக்காத ஓர் அறைக்குப் பழகவே எனக்கு மாதக்கணக்காயிற்று. ஆனால் அதைவிடக் கஷ்டமாக இருந்தது, செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து வாரத்துக்கு ஒரு தடவையாவது எழுதச் சொன்ன 'ரிஃப்ளெக்‌ஷன்'.

இதை ஏதோ ஒரு நிலையத்தின் விருப்பம் என்று தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட நிலையங்களுக்கு 2012 முதல் நடைமுறையில் இருக்கும் தேசியத் தர வரையறையில் ஏழு தரப் பகுதிகள் உண்டு. முதல் பகுதியிலேயே 'கிரிட்டிக்கல் ரிஃப்ளெக்‌ஷன்' ஒரு தனிக் கூறு. மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் அதையும் பார்ப்பார்கள். ஆக, எழுதாமல் தப்ப வழியில்லை. எழுதினேன். "இன்று ஓவியச் செயல்பாடு சிறப்பாக நடந்தது. குழந்தைகள் மகிழ்ச்சியுடன் கலந்துகொண்டனர்." பள்ளி ஆய்வாளர் வரும் நாளுக்கு எழுதி எழுதிப் பழகிய கை அது. போதாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். சரி, குறையைச் சொல்ல வேண்டும்போல என்று நினைத்து, "குரலை உயர்த்திவிட்டேன், இனி கவனமாக இருப்பேன்" என்று எழுதினேன். பொறுப்பாளர் அதையும் படித்துவிட்டு, "உங்களை யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லையே" என்றாள்.

பயிற்சி வகுப்பில், இப்படித் திரும்பிப் பார்த்து எழுதுவதற்குக் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988இல் வகுத்த ஆறு படிகளைக் கொடுத்தார்கள்: நடந்தது என்ன, என்ன உணர்ந்தாய், எது நன்றாக இருந்தது எது இல்லை, ஏன் அப்படி, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வாய். படிவம் நிரப்புகிற மாதிரி இருந்ததால் எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு தடவையும் இரண்டாவது படியை மட்டும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். வேலையிடத்தில் என் மனசைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

ஷூ விஷயத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த இரண்டாவது படியில் மாட்டிக்கொண்டேன். பிள்ளைக்கு நாமே செய்துவிடுவதுதான் பாசம் என்று வளர்ந்தவள் நான். பெரியவள் ஒருத்தி பக்கத்தில் இருந்தும் ஒரு குழந்தை ஷூவோடு மல்லுக்கட்டினால் அது எனக்கு அலட்சியமாகத் தெரியும். இதை எழுதியதும் ஒரு நிம்மதி வந்தது, கலாசார வித்தியாசம் என்று பெயர் வைத்து மூடிவிடலாம் என்று. ஆனால் அது பாதி உண்மைதான். யாராவது கதவைத் திறந்து, வலது காலில் இடது ஷூவோடு பதினொரு பிள்ளைகள் தரையில் புரள்வதைப் பார்த்தால், இந்தப் புதியவளுக்கு வேலை தெரியவில்லை என்று நினைப்பார்களே என்ற பயம் இருந்தது. அவசரம் எனக்குத்தான் இருந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

மறுநாள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செய்து முடித்த பிறகு யோசிப்பது ஒன்று, செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது வேறொன்று என்று டொனால்ட் ஷோன் என்ற அறிஞர் 1983இல் பிரித்துச் சொன்னதைப் படித்திருந்தேன். என் கைதான் அதைப் படிக்கவில்லை. தானாகவே ஒரு ஷூவை நோக்கிப் போகும், பாதியில் நிறுத்துவேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒருவன் தன்னுடையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவளுக்கு ஒட்டுப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

இவர்கள் செய்வதெல்லாம் சரி, நான் பழகியதெல்லாம் தப்பு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் விட்டுவிட்டுப் போகும் அம்மாவைப் பார்த்து அழும் குழந்தையை நான் இன்றும் தூக்கிவைத்துக்கொள்கிறேன். 'தானாக அடங்கட்டும்' என்று ஒருவர் சொன்னபோது, ஏன் தூக்கினேன் என்பதை ஒரு பக்கம் எழுதிக் கூட்டத்தில் வைத்தேன். அன்று முழுக்க அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

இன்னொரு பக்கமும் எழுதினேன். எங்கள் அறையில் ஒரு சிறுமி. அவளுடைய பதிவில் "இன்னும் பேசத் தொடங்கவில்லை" என்று இரண்டு மாதமாக இருந்தது. ஒருநாள் மணல்தொட்டியின் பக்கம் நான் குனிந்தபோது, வாளியைப் பார்த்து அவள் தனக்குத்தானே சொன்னாள்: "நிறைஞ்சு போச்சு, கொட்டுறேன்." தெளிவான தமிழ். நம் வேலையை நாமே எடைபோட ஸ்டீபன் புரூக்ஃபீல்ட் என்ற கல்வியாளர் சொல்லும் நான்கு பார்வைகளில் ஒன்று, கற்கிறவரின் கண்ணால் நம்மைப் பார்ப்பது. அவளுடைய கண்ணால் பார்த்தால் பேசாதவள் அவளல்ல. கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள், பக்கத்திலேயே இருந்த என்னையும் சேர்த்து. வேலையிடத்தில் தமிழ் வாயில் வந்துவிடக் கூடாது என்று நானே எனக்குப் பூட்டுப் போட்டிருந்தேன். பதிவை மாற்றினோம். நானும் அவளோடு தமிழில் பேச ஆரம்பித்தேன்.

இதையெல்லாம் எழுத நேரம் எங்கே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். விக்டோரியாவில் மூன்று வயதுக்கு மேற்பட்ட பதினொரு பிள்ளைகளுக்கு ஒரு எஜுகேட்டர், அதாவது என்னைப்போல் ஒரு பணியாளர், இருந்தே ஆக வேண்டும். யாராவது ஒருவர் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தால் முதலில் பறிபோவது எழுத ஒதுக்கிய நேரம்தான். பாதிக் குறிப்புகளை நான் ரயிலில்தான் எழுதியிருக்கிறேன்.

நேற்று மாலை அந்தச் சிறுமியை அழைத்துப்போக அவளுடைய அப்பா வந்தார். வாசலில் தயங்கி நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க இவகிட்ட இங்கிலீஷ்லயே பேசுங்களேன். வீட்ல தமிழ் இருக்குதானே." வீட்டு மொழியைத் தொடர்வது இரண்டாவது மொழிக்கு இடைஞ்சல் ஆகாது என்று சொல்ல எனக்குத் தெரியும். அவர் அதைக் கேட்கவில்லை என்பதும் தெரிந்தது. நானே இந்த ஊரில் எத்தனை இடத்தில் என் மொழியை விழுங்கியிருக்கிறேன்! "சரி, யோசிக்கிறேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

ரயிலில் நோட்டை எடுத்து ஐந்து படிகளை எழுதிவிட்டேன். ஆறாவது காலியாக இருக்கிறது. இன்று அவர் வரும்போது என்ன சொல்வது என்பதற்கு முன்னால், அவருக்கு என்ன பயம் என்று கேட்க வேண்டும்.