அம்மா கதைச்சவா, அம்மா பேசினவா

ஒத்த கருத்துள்ள ஆங்கிலச் சொற்களின் வித்தியாசத்தை விளக்கப் போகிறவர் கரும்பலகையில் முதலில் எழுத வேண்டியது தமிழைத்தான். ‘அம்மா கதைச்சவா’, ‘அம்மா பேசினவா’ என்று இரண்டு வசனம் போதும். இரண்டாவதில் ஏச்சு விழுந்திருக்கிறது என்பது யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு உடனே விளங்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ மூன்றுக்கும் ‘பார்’ என்று கொப்பியில் எழுதிக் கொடுப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அதை நம்பிய பிள்ளை ‘ஐ ஆம் சீயிங் ரீவி’ என்று எழுதும். ஆனால் எங்கள் பேச்சில் ‘காண்’ இன்னும் உயிரோடிருக்கிறது. ‘சந்தையிலை அவரைக் கண்டனான்’ என்றால் தேடிப் போகவில்லை, கண்ணில் பட்டார். அதுதான் ‘சீ’. நல்லூர்த் தேரன்று சனத்துக்குள் மச்சாள் கண்ணில் படுவது ‘சீ’. தேர்ச் சிற்பத்தை வேண்டுமென்றே நிமிர்ந்து பார்ப்பது ‘லுக்’, சிற்பத்தைச் சொல்ல முன் ஒரு ‘அட்’ வேண்டும். தேர் அசைந்து வர வரப் பார்த்துக்கொண்டே நிற்பது ‘வாட்ச்’. கண்ணில் படுவது நாம் செய்யும் வேலையல்ல. ஆகவே இந்தப் பொருளில் ‘சீ’யோடு ‘இங்’ சேராது. சேர்த்து ‘ஐ ஆம் சீயிங் ஹெர்’ என்றால் அது காதல் விவகாரம். வகுப்பு சிரிக்கும், ஆனால் மறக்காது. படத்துக்கு ‘சீ’யும் பொருந்தும், ‘வாட்ச்’சும் பொருந்தும், ரீவிக்கு ‘வாட்ச்’தான்.

‘சே’, ‘டெல்’ சோடியில் சிக்கல் கருத்தில் இல்லை, வேற்றுமை உருபில். ‘எனக்குச் சொன்னான்’ என்பதிலுள்ள ‘கு’ அப்படியே ‘டு’வாகி ‘ஹீ டோல்ட் டு மீ’ என்று வருகிறது. ‘டெல்’லுக்குப் பின்னால் கேட்கிற ஆள் நேரே வர வேண்டும், ‘சே’க்கு ஆள் வேண்டியதில்லை, வந்தால் ‘டு’ வேண்டும். உண்மை, பொய், கதை, நேரம் ஆகியவற்றுக்கு ஆள் இல்லாமலும் ‘டெல்’ வரும். இதைத் திருத்திய அடுத்த கிழமையே ‘எக்ஸ்பிளெயின் மீ’ தலைகாட்டும். பிள்ளை எல்லா இடத்திலும் ‘டு’வை வெட்டத் தொடங்கிவிடும். ஆகவே ‘எக்ஸ்பிளெயின் டு மீ’யையும் அன்றைக்கே சேர்த்துக் கொடுப்பது நல்லது.

‘பொரோ’, ‘லெண்ட்’ சுலபம்: இரவல் வாங்குவது, இரவல் கொடுப்பது.

ஒரு பாடத்துக்கு இரண்டு சோடிக்கு மேல் வேண்டாம். சோடிக்கு ஆறு வசனம் எழுதி, வினைச்சொல்லை அழித்துவிட்டு நிரப்பச் சொல்ல வேண்டும். அதில் ஒன்றாவது இரண்டு சொல்லும் பொருந்துகிற வசனமாக இருக்கட்டும். இல்லாத வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் பழக்கம் ஆசிரியர்களுக்கே உண்டு. ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ பெரும்பாலும் ஒன்றுதான். மோட்டார் சைக்கிள் போன்ற இயந்திரங்களுக்கு ‘ஸ்டார்ட்’தான். அதை மெக்கானிக் கடையில் நிற்கிற பெடியனே சொல்லுவான்.