மலரில் இடம்பெறாத பத்தி

எங்கள் கத்தோலிக்கப் பங்குப் பள்ளியின் விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதும் பொறுப்பு, நான் தமிழாசிரியர் என்பதாலேயே என்னிடம் வந்தது. இயேசு சபையாரின் பணியை 1776-இல் ஏற்ற பாரீஸ் அந்நிய வேதபோதக சபை, 1827-இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி சபைக் கன்னியர், ஆயர் பொன்னான் 1844-இல் கூட்டிய மறைமாநில மன்றம் கல்விக்குத் தந்த முதன்மை என்று எழுதியவரை எவருக்கும் மறுப்பில்லை. 1930-களின் சேர்க்கைப் பதிவேட்டைப் பற்றிய பத்தியில்தான் சிக்கல் வந்தது. சில பெயர்களுக்கு நேரே, கடைசிக் கட்டத்தில், பழுப்பேறிய மையில் ‘தாழ்வாரம்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து படித்தவர்கள். தகப்பனார் தொழிலைப் பார்த்தாலே காரணம் விளங்கிவிடும்.

பங்குத்தந்தை அதைப் படித்துவிட்டு, “சார், அவங்க பேரப்பிள்ளைங்க விழாவுக்கு முன்வரிசையில வந்து உட்காரப் போறாங்க. தாத்தா எங்க உட்கார்ந்தாருன்னு நாம அச்சடிச்சுக் கொடுக்கணுமா?” என்றார். பெயர் எதையும் குறிப்பிடவில்லையே என்றேன். பெயர் இல்லாவிட்டாலும் உரியவர்களுக்குத் தெரியும் என்றார். பத்தியை எடுத்துவிட்டேன்.

அவர் எதையும் மூடி மறைக்க நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டு, கையில் கொடுக்கும் மலரில் பழைய இழிவை நினைவூட்டுவது முறையா என்ற கேள்விக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை. ஆனால், புதுச்சேரியில் சம்பா கோவில் எனப்படும் தேவாலயத்துக்குள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1745-இல் இடிக்கப்பட்டதை, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைச் சான்று காட்டி அதே கட்டுரையில் விரிவாக எழுதியிருந்தேன். அதில் ஒரு சொல்லைக்கூட அவர் தொடவில்லை. நெடுங்காலத்துக்கு முந்தியது என்பதால் அது உறுத்தவில்லையா, அல்லது அங்கே இடித்தவர் ஒருவர் இருந்ததாலா? தாழ்வாரத்துப் பிள்ளைகளை உள்ளே அழைத்த ஆசிரியர் ஒருவரின் பெயர் கிடைத்திருந்தால், அந்தப் பத்தி பள்ளியின் பெருமையாக முதல் பக்கத்திலேயே வந்திருக்கும் என்று தோன்றுகிறது. அடுத்து வந்த பதிவேடுகளில் அந்தக் குறிப்பு இல்லை. நிறுத்தியவர் யார் என்பதும் இல்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்தக் குடும்பங்களின் மனம் நோகும் என்று அவர் சொன்னார். உண்மை வெளிவர வேண்டும் என்று அவர்கள் சார்பில் நான் எண்ணிக்கொண்டேன். அவர்களில் ஒருவரையும் நாங்கள் இருவரும் கேட்கவில்லை. பள்ளி ஊழியன் என்ற அளவில், அனுமதியின்றிக் கேட்டிருக்க முடியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது பாதிதான் உண்மை.

விழா முடிந்த பிறகு, முன்னாள் மாணவர் ஒருவர், தம் தகப்பனாரும் இங்கேதான் படித்தார், பதிவேட்டில் அவர் பெயரைப் பார்க்க முடியுமா என்று கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். அந்தப் பெயர் எந்தப் பக்கத்தில், எந்தக் குறிப்புடன் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் என் பரிந்துரையை எழுதி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். காட்டலாம் என்று எழுதினால் போதுமா, முன்பே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.