ராய்கட் மலையில் ஜகதீஸ்வரர் தரிசனம்

மகாராஷ்டிரத்தில் உள்ள ராய்கட் கோட்டைக்கு ரோப்கார் இருக்கிறது, சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். நாங்கள் படியேறியே போனோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மராட்டியர்களுக்கு இது சுற்றுலா அல்ல, யாத்திரை. பள்ளிப் பிள்ளைகளும் நரைத்த தாத்தாக்களும் "ஜெய் பவானி, ஜெய் சிவாஜி" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஏறுகிறார்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்தவர்கள்கூட அந்தக் குரல் கேட்டதும் எழுந்துவிடுகிறார்கள்.

1674 ஜூன் 6 அன்று சத்ரபதியாக சிவாஜி மகாராஜா முடிசூடியது இங்கேதான். காசியில் இருந்து வந்த காகா பட்டர் வேத முறைப்படி அபிஷேகம் செய்துவைத்தார். 1818-ல் வெள்ளைக்காரர்களின் பீரங்கிக் குண்டுகள் அரண்மனையை எரித்துவிட்டன. இப்போது இருப்பது கல் அடித்தளங்கள்தான். சிம்மாசனம் இருந்த இடத்தில் மண்டபத்துக்குள் மகாராஜாவின் சிலை அமர்ந்திருக்கிறது.

அங்கிருந்து பழைய கடைவீதியின் கல் மேடைகளைக் கடந்து நடந்தால் ஜகதீஸ்வரர் கோயில். மகாராஜா வழிபட்ட சிவன். நம் ஊர்க் கோயில்போல் கோபுரம் கிடையாது, மேலே உருண்டையான விமானம். உள்ளே ஆடம்பரம் எதுவும் இல்லாமல் லிங்கத் திருமேனி. நெஞ்சு நிறைய தரிசனம் கிடைத்தது.

கோயில் சுவரில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. சந்திர சூரியர் உள்ளவரை இது விளங்கட்டும் என்று அதில் வருகிறது. நம் சோழர் கல்வெட்டுகளிலும் இதே வேண்டுதல்தானே! கோட்டையைக் கட்டிய ஹிரோஜி இந்துல்கரின் பெயரும் அதில் இருக்கிறது. ஆனால் என்னை அசைத்தது அது அல்ல, வாசற்படி ஒன்றில் இருக்கும் இன்னொரு வரி. "சேவையில் எப்போதும் முனைந்து நிற்கும் ஹிரோஜி இந்துல்கர்" என்று மராத்தியில் வெட்டியிருக்கிறார்கள். என்ன பரிசு வேண்டும் என்று மகாராஜா கேட்டாராம். கோயிலுக்கு வரும்போதெல்லாம் உங்கள் பாத தூளி படும் படியில் என் பெயர் இருந்தால் போதும் என்றாராம் ஹிரோஜி. இப்படித்தான் அங்கே சொல்கிறார்கள். எனக்கு அந்தப் படியை மிதிக்க மனம் வரவில்லை. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தொண்டரடிப்பொடி என்று ஓர் ஆழ்வாரையே கொண்டாடுகிற நமக்கு அந்த மனசு புரியாமலா போகும்?

கோயிலுக்கு எதிரிலேயே மகாராஜாவின் சமாதி, எண்கோணக் கல் மேடை. 1680 ஏப்ரல் 3, சித்ரா பௌர்ணமி, மராட்டியர்களின் அனுமன் ஜயந்தி நாளில், 50 வயதில் இந்த மலையிலேயே உயிர் பிரிந்தது. கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதியைச் சீரமைக்க 1895-ல் திலகர் நாடெங்கும் நிதி திரட்டத் தொடங்கினார். மறுவருடம் இங்கேயே விழாவும் எடுத்தார். இன்றைக்கு ஆளாளுக்குச் செவ்வந்தி மாலையோடு வருகிறார்கள். நாங்களும் பூ வைத்துக் கும்பிட்டோம். 1677-ல் மகாராஜா நம் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர் ஆயிற்றே. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் ராய்கட்டும் செஞ்சியும் சேர்ந்தே இருக்கின்றன.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடிவாரத்தில் பாச்சாட் கிராமத்தில் தாய் ஜீஜாபாயின் சமாதி இருக்கிறது. சின்ன வயதில் ராமாயண, பாரதக் கதைகள் சொல்லி மகனை வளர்த்தவள். முடிசூட்டைக் கண்குளிரப் பார்த்துவிட்டு 11 நாளில், ஜூன் 17 அன்று கண்மூடினாள். முதலில் அந்தத் தாயை வணங்கிவிட்டு, அப்புறம் மலை ஏறுங்கள். அதுதான் சரியான வரிசை என்று எனக்குத் தோன்றுகிறது.