ஊர்வாரியாக ஒரு ஜிப்

நடுகல் படம் எடுப்பவர்களுக்கு ஹார்டு டிஸ்க் எப்போதும் போதாது. எழுத்து தேய்ந்த கல்லாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா படம் ஒவ்வொன்றும் 25 எம்.பி.யைத் தாண்டும். இருளப்பட்டி, சின்னகொத்தூர், மல்லசந்திரத்துக் கல்திட்டைகள் (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னங்கள்) என்று சேர்த்ததில் என்னிடம் 60 ஜி.பி.க்கு மேல் கிடக்கிறது.

இதைக் கல்வெட்டு படிக்கத் தெரிந்த சென்னை நண்பர் கேட்டார். தருமபுரி வந்தவர் கையோடு பென்டிரைவும் கொண்டுவந்தார். அது ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்தது. எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது.

இதற்கு எல்லோரும் சொல்லும் வழி, ஃபைல்களைச் சுருக்கும் 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் மொத்தத்தையும் ஒரே ஃபைலாகச் சுருக்கித் துண்டு போடுவது. துண்டின் அளவைக் கேட்கும் கட்டத்தில் ஃபேட் என்றே குறித்து 4092 எம் இருக்கும். .001, .002 என்று வரிசையாக வந்து விழும். அத்தனையையும் ஒரே ஃபோல்டரில் போட்டு .001-ஐத் திறந்தால் போதும்.

சுலபம்தான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. 7-ஜிப்பின் சொந்த வகையான 7இசட்டில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் கடைசியில்தான் எழுதப்படுகிறது. கடைசித் துண்டு காணாமல் போனால், முன்னால் உள்ள அத்தனையும் பத்திரமாக இருந்தும் சாதாரணமாகத் திறக்க முடியாது. நண்பரின் பென்டிரைவை நம்பி 60 ஜி.பி.யை ஒரே சங்கிலியாகக் கோக்க நான் தயாராக இல்லை.

அதனால் ஊருக்கு ஒரு ஜிப். 4 ஜி.பி.யைத் தாண்டும் ஊர் என்றால் கல் வாரியாகப் பிரிப்பேன். ஒன்று கெட்டால் அந்த ஊரோடு போகும். அதை மட்டும் மறுபடி அனுப்பினால் சரி. சுருக்கும் அளவில் 'ஸ்டோர்' என்று, அதாவது சுருக்காமல் அடுக்க மட்டும் சொல்லி வைப்பேன். ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது, பல கேமராக்களின் ராவும் அப்படித்தான். மேலும் பிழிந்தால் கம்ப்யூட்டருக்குத்தான் வேலை. அப்புறம் ஒவ்வொரு ஜிப்புக்கும் ஷா-256 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி; உள்ளே சற்று மாறினாலும் இதுவும் மாறிவிடும்) எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிக் கூடவே வைப்பேன். ரைட் கிளிக் செய்தாலே 7-ஜிப் அதைக் கணக்கிட்டுக் காட்டும். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

துண்டு போட்டே ஆக வேண்டிய சரக்கும் உண்டு. இங்கே விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை எடிட் செய்து ஒரே வீடியோவாக்கினால் அதை ஊர்வாரியாகவா பிரிக்க முடியும்? அதற்கு .001, .002 தான். எல்லாத் துண்டுகளையும் இரண்டு பென்டிரைவிலும் தனித்தனியாக ஏற்றிக் கொடுத்துவிடுவேன்.